நீர்மட்டம் இல்லாத பட்டியல்கள்

ஐப்பசியின் முதல் கனமழை ஓய்ந்ததும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இரண்டு செய்திகளில் ஒன்று வந்துவிடும். ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன என்பது ஒன்று. இந்த ஆண்டு பறவை வரத்துக் குறைந்துவிட்டது, ஆர்வலர்கள் ஏமாற்றம் என்பது மற்றொன்று. முன்பெல்லாம் இத்தகைய செய்திக்கு வனக்காவலர் ஒருவரின் வாய்மொழியே ஆதாரம். இப்போது ஆதாரம் கைப்பேசியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு குழு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்று பதிவேற்றிய பட்டியல் அது. எத்தனை இனம், எத்தனை தலை என்ற இரண்டு எண்கள் அதில் இருக்கும். அவற்றைக் கொண்டு ஏரி வாழ்கிறதா சாகிறதா என்று தீர்ப்பும் எழுதப்படும்.

இந்தப் பழக்கத்தைக் குறைசொன்னால் பறவை ஆர்வலர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. எந்தப் பட்டியலும் வீணாகாது, யார் வேண்டுமானாலும் போகட்டும், எண்ணட்டும், பதியட்டும், எல்லாம் சேர்ந்தால் தரவு என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஏரிகளைப் பொறுத்தவரை, அதிலும் கூதிர்காலத்து ஏரிகளைப் பொறுத்தவரை, இந்தப் பதில் தவறு என்று நான் பல ஆண்டுகளாகக் கருதிவருகிறேன்.

பழக்கத்தின் நன்மைகளை மறுக்க எதுவும் இல்லை. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தபோது இந்த ஆர்வம் சில வசதியான வீடுகளுக்குள் இருந்தது. மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதியும்கூட நெடுங்காலம் அது பரவவில்லை. இன்று பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவிகளும் தொலைநோக்கியோடு கரையேறுகிறார்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. வலசை வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் குறைந்துவருவதை அது காட்டியது. அரசுத் துறை எதுவும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் சங்குவளை நாரையும் சைபீரியாவிலிருந்து வந்தவை அல்ல, நம் நாட்டுப் பறவைகளே என்று செய்தியாளர்களுக்குச் சொல்லிச் சொல்லித் திருத்திவருபவர்களும் இவர்களே. இவை பெரிய காரியங்கள்.

படமெடுப்பவர்கள் கூட்டுக்கு அருகே போவது, ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வெளியே இழுப்பது, அரிய பறவை ஒன்று வந்தால் நான்கு மாவட்டத்து வண்டிகள் ஒரே குளத்துக்குப் படையெடுப்பது ஆகியவற்றைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று. அவற்றை ஆர்வலர்களே கண்டிக்கிறார்கள். என் முறையீடு ஒழுங்காக நடந்துகொள்பவர்களைப் பற்றியது. அவர்கள் பறவையைப் பார்க்கிறார்கள், ஏரியைப் பார்ப்பதில்லை.

நம் ஏரி இயற்கையான நீர்நிலை அன்று. சரிவான நிலத்தில் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கிய பாசன அமைப்பு. கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழம். அங்கிருந்து நீர்வரத்துப் பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் நீரும் நிலமும் பிரித்தறிய முடியாத சேற்றுப் பரப்பாகிவிடும். கூதிர்காலத்தில் மழை பெய்து ஏரி கோடி போகும்போது, தெற்கே சொல்வதானால் கண்மாய் மறுகால் பாயும்போது, அந்தச் சேற்றுப் பரப்பு நீருக்குள் போய்விடும். தையிலும் மாசியிலும் மதகு திறந்து நெல்லுக்குத் தண்ணீர் பாயப் பாய, நீர் உள்வாங்கி நாள்தோறும் புதிய சேறு வெளியே வரும். பங்குனி சித்திரையில் பல ஏரிகள் வறண்டு மாடு மேயும் தரையாகும். இந்த ஏற்ற இறக்கமே ஏரியின் உயிர்.

வலசைப் பறவைகளின் கணக்கு முழுவதும் இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. கொசு உள்ளானுக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் ஈரச் சேறும் விரற்கடை நீரும் வேண்டும். பொரி உள்ளானும் பச்சைக்காலியும் அதைவிடச் சற்று ஆழம்வரை இறங்கும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் நீரில் நடக்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முழுக மாட்டா. தலைகீழாகக் கவிழ்ந்து கழுத்து எட்டும் வரைதான் மேயும். அதற்கு மேற்பட்ட ஆழம் அவற்றுக்குப் பகலில் ஓய்வெடுக்க மட்டுமே உதவும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆழத்துக்கு அஞ்சாதவை. ஆகவே, கார்த்திகை அடைமழைக்குப் பின் நிரம்பிய ஏரியில் உள்ளான்கள் இல்லை என்றால் அவை அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. காலூன்ற இடமில்லாமல் பக்கத்து நடவு வயலுக்கோ, இன்னும் நிரம்பாத சிறு குட்டைக்கோ போயிருக்கும். அதே ஏரியில் மாசியில் அவை கூட்டமாக நின்றால் இனம் பெருகிவிட்டது என்றும் பொருள் இல்லை. சுற்றுவட்டாரத்துக் குளங்கள் வற்றியதால் மிச்சமிருக்கும் சேற்றில் வந்து நெருங்குகின்றன.

2015இல் வடகிழக்குப் பருவமழை வெள்ளமாகக் கொட்டியது. 2016இல் அதே பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஒரே ஏரிக்குச் சென்ற ஒருவர் இந்த இரண்டு கார்த்திகைகளிலும் எடுத்த பட்டியல்களை ஒப்பிட்டால் என்ன தெரியும்? முதல் ஆண்டில் ஏரி ததும்பியதால் கரைப்பறவைகள் குறைவு. அடுத்த ஆண்டில் பாதி வற்றிய ஏரியில் அவை அதிகம். இரண்டு மாதம் கழித்துத் தையில் வந்தால் தரை காய்ந்து எதுவும் இல்லை. பெருகின, பிறகு மறைந்தன என்று பட்டியல் சொல்லும். உண்மையில் நடந்தது மழை பெய்ததும் பொய்த்ததும்தான். நீர்மட்டம் எவ்வளவு என்ற ஒரு வரி அந்தப் பட்டியலில் இருந்திருந்தால் குழப்பமே இல்லை. அந்த ஒரு வரி இருப்பதில்லை. எவ்வளவு நேரம் நின்றேன், எவ்வளவு தூரம் நடந்தேன், எத்தனை பேர் உடன் வந்தார்கள் என்றெல்லாம் பதிகிறார்கள். காலடியில் கிடக்கும் நீர் எவ்வளவு ஆழம் என்று பதிவதில்லை.

பதிவுகள் பெருகும்போது இத்தகைய ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பது ஆர்வலர்களின் வாதம். இந்தியா முழுவதற்குமான மதிப்பீட்டில் அது ஓரளவு சரி. ஆனால் ஏரியைப் பற்றிய முடிவுகள் டெல்லியில் இந்தியாவுக்கு என்று மொத்தமாக எடுக்கப்படுவதில்லை. இந்த ஏரியைத் தூர்வாரலாமா, இதில் படகு விடலாமா, இதன் ஓரத்தில் சாலை போடலாமா என்று ஏரி ஏரியாகத்தான் எடுக்கப்படுகின்றன. அந்த அளவில் நின்று பார்த்தால் நம் பட்டியல்கள் ஏறத்தாழ ஊமை.

மேலும், நீரின் ஆழம் இப்போது மழையால் மட்டும் மாறுவதில்லை. நாமே நிரந்தரமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. வண்டல் அள்ளுவதும் மதகு பழுது பார்ப்பதும் தேவையான வேலைகள். உழவருக்கு நீர் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல இடங்களில் தூர்வாருதல் என்பது பொக்லைனை இறக்கி உள்வாயில் குழி தோண்டுவதாக ஆனது. நகரங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏரியைச் சுற்றிலும் கரையை உயர்த்தி, கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் அமைத்து, நடுவில் மண்மேடு எழுப்பி மரம் நட்டார்கள். கோவையில் உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் சீர்மிகு நகரத் திட்டத்தில் இப்படித்தான் உருமாறின. சரிந்து சரிந்து சேற்றில் முடியும் ஓரம் போய், செங்குத்தான விளிம்புள்ள தொட்டி வந்தால் என்ன ஆகும்? கூழைக்கடாவும் நீர்க்காகமும் வரும். நடுத்தீவு மரங்களில் கொக்குகள் அடையும். உள்ளான் வகைகளும் மேய்ச்சல் வாத்துகளும் போய்விடும்.

பட்டியலின் தலைப்பில் இருக்கும் இன எண்ணிக்கை இதைக் காட்டாது. போன உள்ளான் வகைகளுக்கு ஈடாக, நட்ட மரங்களில் குயிலும் மாங்குயிலும் தேன்சிட்டும் வந்து கூட்டுத்தொகையை நிரப்பிவிடும். திட்டத்துக்கு முன்பு இத்தனை இனம், பின்பும் இத்தனை இனம், ஆகவே பாதிப்பு இல்லை என்று ஒப்பந்தக்காரரே அந்தப் பட்டியலைக் காட்டலாம். கரையோரத்தில் மாங்குயில் பாடுவது இனிமைதான். ஆனால் அதற்கு ஏரி வேண்டியதில்லை, ஒரு தோப்புப் போதும். பச்சைக்காலிக்குத் தோப்புப் பயன்படாது. இந்த வேறுபாட்டை உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் பறவை ஆர்வலர்கள். அவர்களில் பலர் நடுத்தீவை வரவேற்றார்கள், நடைபாதையை வரவேற்றார்கள். படமெடுக்க வசதி, குடும்பத்தோடு வர வசதி. கரையில் நின்று இனங்களைக் கூட்டும் பழக்கம் அவர்கள் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கே நிற்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வடதமிழ்நாட்டில் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளின் கரை கிழக்கில் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், ஏரி முழுவதும் ஒளியில். வண்டி நிறுத்த இடமும் அங்கேதான். ஆனால் அது ஏரியின் ஆழமான பக்கம். பறவைகள் மேயும் ஆழமற்ற ஓரம் எதிர்ப்புறத்தில், வரப்பும் முள்ளும் கடந்து போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்பவர் மிகச் சிலர். தொலைநோக்கிக்கு எட்டியவரை எண்ணி, முழுப் பட்டியல் என்று குறித்துவிட்டுத் திரும்புகிறோம்.

எந்த ஏரிக்குப் போகிறோம் என்பது இதைவிடப் பெரிய குறை. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும் மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. பட்டியல்கள் எல்லாம் இவற்றில் பெயர் பெற்ற சில டஜன் நீர்நிலைகளைச் சுற்றியே குவிகின்றன. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். அங்கே பருவத்தில் கூடும் பறவைகள் அந்த 30 ஹெக்டேரில் உண்டு வாழ முடியாது. நீரில் நிற்கும் கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் அவற்றுக்குக் கூடு கட்டும் இடம். இரை தேடுவது சுற்றிலும் பல கிலோமீட்டர் தொலைவுக்கு விரியும் ஏரிகளிலும் வயல்களிலும். அண்மை ஆண்டுகளில் அருகிலுள்ள மதுராந்தகம் ஏரியைத் தூர்வாருவதற்காக நீர் தேக்காமல் வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய மேய்ச்சல் நிலம் இல்லாத பருவங்களில் வேடந்தாங்கல் குஞ்சுகளுக்கு எங்கிருந்து இரை வந்தது? சுற்றியுள்ள பெயரில்லாத ஏரிகளில் யாராவது ஆண்டுதோறும் தொடர்ந்து எண்ணியிருந்தால் சொல்லலாம். எண்ணவில்லை. எல்லாரும் வேடந்தாங்கல் கோபுரத்தின்மேல் நின்று கூடுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.

வேடந்தாங்கலுக்கு ஆபத்து வந்தபோது ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை என்பது உண்மை. 2020இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றுப்பரப்பைக் குறைக்க முன்மொழிவு வந்தபோது எதிர்ப்பு வலுவாக எழுந்தது, முன்மொழிவு கைவிடப்பட்டது. ஆனால் ஒன்றியத்துக்குச் சொந்தமான சிறு ஏரி ஒன்றின் வரத்துக்கால் அடைபட்டாலோ, உள்வாயில் பேருந்து நிலையம் கட்ட நிலம் அளந்தாலோ, காட்டுவதற்கு ஒரு பட்டியல்கூட இருப்பதில்லை. அங்கே யாரும் போனதில்லை.

புகழ் பெற்ற ஏரிக்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பட்டம் கிடைப்பதும் இதே வழியில்தான். தமிழ்நாட்டில் முதல் ராம்சார் இடமாகக் கோடியக்கரை 2002இல் அறிவிக்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் ஒன்றும் இல்லை. 2022இல் பள்ளிக்கரணை, கரிக்கிலி, வேடந்தாங்கல் என்று வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரியில் இராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20 ஆயின. மகிழ்ச்சிதான். ஆனால் ராம்சார் அளவுகோல்களில் பறவைகளுக்கானவை இரண்டு. ஓர் இடத்தில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூட வேண்டும், அல்லது ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்காவது அங்கே இருக்க வேண்டும். இரண்டும் குவிதலை மதிப்பவை. நம் ஏரிகளின் இயல்போ பரவுதல். கூதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சிறு நீர்நிலைகளில் பத்தும் இருபதுமாகப் பறவைகள் பிரிந்து கிடக்கும். எந்த ஒரு குளமும் அளவுகோலைத் தொடாது. எல்லாக் குளங்களும் சேர்ந்துதான் வலசையைத் தாங்குகின்றன. குவிந்த இடத்துக்கு மட்டும் போய் எண்ணும் பழக்கம் இந்த அமைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது. பள்ளிக்கரணைக்குப் பட்டம் கிடைத்தது. அதற்குத் தன் உபரிநீரை அனுப்பும் சுற்றுப்புற ஏரிகளுக்கு என்ன கிடைத்தது?

நீரைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏரிக்கரையிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. மதகு திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு எந்த வாரத்தில் எவ்வளவு நீர் இறங்கும் என்று தெரியும். வாத்து மேய்ப்பவருக்கு எந்த மூலையில் நத்தை அதிகம், எந்த மூலை கால் புதையும் என்று தெரியும். மீன்பாசிக் குத்தகைதாரருக்குப் பறவைகளின் வருகையும் போக்கும் மற்ற எல்லாரையும்விடத் துல்லியமாகத் தெரியும். மழைக்குப் பின் அவர் விட்ட மீன்குஞ்சுகளைக் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தின்பதால் வெடி போட்டு விரட்டுகிறவர் அவர். ஞாயிறு காலைப் பட்டியலில் கூழைக்கடா இல்லாததற்குக் காரணம் சனிக்கிழமை வெடித்த வெடியாக இருக்கலாம். கரைக்கு வரும் குழுக்கள் இவர்கள் யாரோடும் பேசுவதில்லை. பறவை பறந்துவிடும் என்று அவர்களை விலகிப்போகச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

ஏரியை ஏரியாகக் கணக்கில் கொள்ளும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை சனவரியில் நடப்பது, ஈரநிலத்தின் நிலையையும் குறிக்கச் சொல்கிறது. நோக்கம் சரியானது. ஆனால் சனவரியில் ஒரு நாள் போய்வந்தால் ஐப்பசியில் நிரம்பத் தொடங்கிப் பங்குனியில் வற்றும் ஓர் ஏரியின் கதை தெரிந்துவிடாது. அதற்கு ஒரே ஏரிக்கு, அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண ஏரிக்கு, மழைக்காலம் முதல் கோடைவரை வாரந்தோறும் போக வேண்டும். அரிய பறவை எதுவும் கிடைக்காது. மடையான், நாமக்கோழி, முக்குளிப்பான் என்று அதே பெயர்களைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பத்து ஆண்டுகள் அப்படிக் கிடக்கும் ஏட்டுக்கு இருக்கும் மதிப்பு, பத்து மாவட்டங்களில் சுற்றிச் சேர்த்த முந்நூறு இனப் பட்டியலுக்கு இல்லை. நான் இதைச் சொன்னால் நண்பர்கள் கோபிக்கிறார்கள், பொழுதுபோக்கைக் கடமையாக்குகிறாய் என்கிறார்கள். பொழுதுபோக்கு என்றால் பொழுதுபோக்கு என்றே சொல்லட்டும். அறிவியல் பங்களிப்பு என்று சொல்லிக்கொண்டால் அறிவியல் கேட்கும் குறைந்தபட்ச ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும்.

கேட்பது பெரிய வேலை அன்று. மதகில் இறங்கும் படிகளில் எத்தனை நீருக்கு வெளியே இருக்கின்றன, கலங்கலுக்குக் கீழே நீர் எத்தனை அடி, எதிர்க்கரையில் சேறு தெரிகிறதா இல்லையா என்ற மூன்றையும் பட்டியலின் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதலாம். மதகு திறந்திருந்தால் அதையும் எழுதலாம். நீர்க்கட்டியிடம் கேட்டு எழுதலாம். இந்த ஐப்பசியில் புகழ் பெற்ற சரணாலயத்துக்கு வண்டி பிடிக்கும் முன், பறவைப் பதிவு ஒன்றுகூட இல்லாத உங்கள் ஒன்றியத்து ஏரி ஒன்றுக்குப் போய்வாருங்கள். போகும்போது கரையோடு நின்றுவிடாமல் நீர்வரத்துப் பக்கம் வரை நடந்து பாருங்கள்.